செஞ்சி மலைக் குரங்கும் உங்கள் வீட்டு நாயும்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் உள்ளன. தமிழ்நாட்டில் இருப்பது நம்ம செஞ்சி மட்டும்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளின் படமும் அப்போது உங்கள் மொபைலுக்கு எத்தனையோ முறை வந்திருக்கும்.

இந்தக் கட்டுரை ராஜாக்களைப் பற்றியது இல்லை. இப்போது அந்த மலைகளில் குடியிருப்பவர்களைப் பற்றியது. குரங்கு, கீரி, நரி, முயல், மயில் இவைதான் இன்றைய கோட்டைவாசிகள். மலையடிவாரத்தில் நம் வீட்டு நாய், பூனை, ஆடு, கோழி. இரண்டு தரப்புக்கும் நடுவில் வேலி எதுவும் கிடையாது. ராத்திரி அவிழ்த்துவிட்ட நாய் பாறை இடுக்குகளில் சுற்றிவிட்டுக் காலையில் திண்ணைக்கு வந்து படுத்துக்கொள்கிறது. ஆடு மலைச் சரிவில் மேய்கிறது. குரங்கு மொட்டை மாடிக்கு வந்து வடகத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இவை போய்வரும் வழியிலேயே நோயும் போய்வரும்.

காட்டிலிருந்துதான் வீட்டுக்கு நோய் வரும் என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம். அது பாதி உண்மை. வீட்டிலிருந்து காட்டுக்கும் போகிறது. காட்டு விலங்குக்கு ஊசி போட நம்மால் முடியாது. நம் வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போடலாம். இரண்டு பக்கமும் போகிற நோயை நம்மால் நிறுத்த முடிகிற இடம் அதுதான்.

குரங்கு கடித்தால் என்ன செய்வது?

முதலில் ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய். பெயரில் நாய் இருந்தாலும் பாலூட்டி எதற்கும் இது வரலாம். நரி, கீரி, பூனை, குரங்கு, மாடு, ஆடு எல்லாம் இதில் சேரும். ஆனாலும் மனிதர்களுக்கு வருவதில் 99 சதவீதம் நாய்கள் மூலமாகத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். அம்மா திட்டுவாங்க என்று பயந்து பிள்ளைகள் பல நேரம் கடியை மறைத்துவிடுவார்கள். கீறலை எப்போது காட்டினாலும் திட்டு கிடையாது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்த வைரஸ் ரத்தத்தில் ஓடிப் பரவுவதில்லை. காயம் பட்ட இடத்தில் உள்ள நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கி ஏறும். பெரும்பாலும் 2 முதல் 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரே வாரம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். முகம், கழுத்து, விரல் ஆகிய இடங்களில் கடி என்றால் வேகம் அதிகம். மூளையை எட்டி அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆனால் வைரஸ் வழியில் இருக்கும்போதே தடுப்பூசியை முந்தவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். அதனால்தான் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது இங்கே ஆபத்தான வார்த்தை.

கடி, நகக் கீறல், புண்ணில் எச்சில் படுவது என எதுவாக இருந்தாலும் முதல் வேலை சோப்புதான். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரஸின் மேல் உறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட ரொம்ப நீளம். மொபைலில் ஸ்டாப்வாட்ச் போட்டுக்கொண்டு கழுவுங்கள். கோட்டைக்குள் கடிபட்டால் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை வைத்துக் கழுவ ஆரம்பித்து, கீழே இறங்கியதும் குழாயடியில் முழுசாகக் கழுவுங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. இவை காயத்தை எரித்துப் புண்ணாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தையல் போட வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது ஊசி. செஞ்சி அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ரேபிஸ் தடுப்பூசி இலவசமாகப் போடுவார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும் ஒரு சின்னக் குத்து, அவ்வளவுதான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டி சொன்ன கதை பொய் இல்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தை அப்படித்தான் போட்டார்கள். இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004-லேயே நின்றுவிட்டது. மருந்து போய் இருபது வருடம் ஆகியும் பயம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பயத்தாலேயே ஊசிக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இந்தத் தடுப்பூசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றியே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய சில நாள் ஆகும். அதுவரைக்கும் காவல் இருப்பது இந்த மருந்துதான். போன இடத்தில் அது இல்லை என்றால் முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அலைச்சலாக இருக்கிறதே என்று பாதியில் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

குரங்கு விஷயத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. தெரிந்த நாயோ பூனையோ கடித்தால் ஊசியை ஆரம்பித்துவிட்டு அந்தப் பிராணியை 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள். 10 நாளும் அது நன்றாக இருந்தால் மீதி ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். குரங்கு, கீரி, நரிக்கு இந்தக் கணக்கு செல்லாது. தேசிய வழிகாட்டு நெறிமுறைப்படி காட்டு விலங்குக் கடி எல்லாமே கடுமையான மூன்றாம் வகைக் கடி. 'குரங்கு சும்மா பிராண்டிச்சு' என்று சொல்லிவிட்டுத் திருவண்ணாமலை பஸ் ஏறிவிடுகிற சுற்றுலாக்காரர் நீங்களாக இருந்தால், போய் இறங்குகிற ஊரிலாவது அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த ஊரில் ஆரம்பித்தாலும் அடுத்த ஊசியை உங்கள் ஊரிலேயே தொடரலாம். சீட்டை மட்டும் தொலைக்காதீர்கள், ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எலிக்கும் அணிலுக்கும் இவ்வளவு பயம் தேவையில்லை. அவற்றால் ரேபிஸ் வருவது மிக அரிது. காயத்தைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

நாய்க்கு வந்தால் எப்படித் தெரியும்?

வெறி பிடித்த நாய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு எதிர்ப்பட்டவரை எல்லாம் கடிக்கும் என்று சினிமா பார்த்து வைத்திருக்கிறோம். அப்படியும் வரும். ஆனால் சத்தமே இல்லாத இன்னொரு வகை இருக்கிறது. நாய் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். குரல் மாறும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், சோறு விழுங்க முடியாது. இதைப் பார்த்ததும் 'தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு' என்று பாசத்தோடு வாய்க்குள் கைவிட்டுத் தேடுவார்கள். அந்தக் கையில் நகம் பட்ட சின்னக் கீறல் இருந்தாலே போதும். இப்படி அறிகுறி தெரிந்தால் கையை விடாதீர்கள். நாயைத் தனியாக அடைத்துவிட்டு 1962-க்கு அழையுங்கள், அது கால்நடை அவசர ஊர்திக்கான எண். சந்தேகப்பட்ட நாயை அடித்துக் கொல்லவும் கூடாது. உயிரோடு கவனித்தால்தான் கடிபட்டவருக்கு என்ன செய்வது என்று தெரியும்.

வீட்டு நாயைக் குரங்கோ நரியோ கடித்துவிட்டால்? அதற்கும் அதே சோப்பு, அதே தண்ணீர். கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள். இல்லாவிட்டால் கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வருடா வருடம் ஊசி போட்ட நாயாக இருந்தாலும் கடிபட்ட பிறகு மறுபடியும் போட வேண்டும்.

நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் 3 மாதம் ஆனதும் முதல் ரேபிஸ் ஊசி. அதன் பிறகு வருடம் ஒருமுறை, அல்லது மருத்துவர் சொல்கிறபடி. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். இந்த நாட்களை ஒட்டி கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாக இலவச முகாம் நடத்தும். ஒரு ஊரில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் வைரஸுக்கு அடுத்த நாய் கிடைக்காமல் பரவல் அறுந்துபோகும் என்பது கணக்கு. வளர்ப்பு நாய் மட்டுமல்ல, தெருவில் நீங்கள் பிஸ்கட் போடுகிற நாயும் அந்த 70-இல் சேர்த்தி. உங்கள் கைக்கு வருகிற தெரு நாயை முகாமுக்குக் கூட்டிப்போனால் அது பெரிய உதவி.

வீட்டிலிருந்து காட்டுக்கு

டிஸ்டெம்பர் என்ற பெயரை நாய் வளர்ப்பவர்கள் கேட்டிருப்பீர்கள். சளி, கண்ணில் பீளை, காய்ச்சல், பேதி, அப்புறம் வலிப்பு. குட்டிகள் அதிகம் சாகும். மனிதருக்கு வராது, அதனால் நமக்கு அலட்சியம். ஆனால் காட்டு விலங்குகளுக்கு வரும். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் 1994-இல் சுமார் 1000 சிங்கங்கள், அதாவது அங்கிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு, இந்த வைரஸால் செத்தன. சுற்றியிருந்த கிராமத்து நாய்களிடமிருந்துதான் அது போனது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நம் நாட்டில் 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில், தல்கானியா சரகத்தில், சில வாரத்துக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. பரிசோதனையில் டிஸ்டெம்பர் வைரஸ் தெரியவந்தது.

செஞ்சியில் சிங்கம் இல்லை. ஆனால் நரிக்கும் மரநாய்க்கும் கீரிக்கும் இதே வைரஸ் தொற்றும். ரேபிஸ் ஊசி போட்டாச்சு, போதும் என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு. டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் எல்லாவற்றையும் சேர்த்துத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் ஆரம்பித்து, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும் வரை தொடர வேண்டும். முதல் ஊசியோடு நின்றுவிடுகிற குட்டிகள் ஏராளம், பாதுகாப்பும் பாதியோடு நின்றுவிடும்.

மனிதரிடமிருந்தே விலங்குக்குப் போகுமா என்றால், வண்டலூர் நினைவிருக்கிறதா? 2021 ஜூனில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் 11 சிங்கங்களைப் பரிசோதித்ததில் 9-க்கு கொரோனா உறுதியானது. நீலா என்ற பெண் சிங்கமும் பத்பநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. கோட்டைக் குரங்குக்கு நாம் கடித்து மிச்சம் வைத்த பிஸ்கட்டைப் போடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். காசநோய், தட்டம்மை போன்றவை மனிதரிடமிருந்து குரங்குக்குத் தொற்றக்கூடியவை. தீனி போட்டுப் பழக்குவதால்தான் குரங்கு பையைப் பிடுங்குகிறது. பிடுங்கினால் கடிக்கிறது. கடித்தால் நாம் நான்கு தடவை மருத்துவமனைக்கு அலைகிறோம். குரங்கு அருகில் வந்தால் அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதற்கு அது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. செல்ஃபிக்காகப் பக்கத்தில் போவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு

செஞ்சி என்றால் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது வேறெங்கோ அல்ல, நம் விழுப்புரம் மாவட்டத்து அரசூரில்தான். ஆண்டு 1987, அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம். அந்த ஊர் ஆட்டிலிருந்து பிரித்தெடுத்த வைரஸை வைத்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியே தயாரித்தது. அதன் பெயரிலேயே அரசூர் இருக்கிறது.

கடும் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாய்ப்புண், பேதி என்று தொடங்கி ஒரு பட்டியையே காலி செய்துவிடும் நோய் இது. டிஸ்டெம்பருக்கும் இதற்கும் ஒரே வைரஸ் குடும்பம். மாட்டு வெக்கை நோயும் அதே குடும்பம்தான். அதைத் தடுப்பூசியால் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டார்கள். ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இந்த நோயும் பட்டியோடு நிற்பதில்லை. மங்கோலியாவில் 2017-இல் வீட்டு ஆடுகளிடமிருந்து சைகா என்ற காட்டு மான் இனத்துக்குத் தாவி ஆயிரக்கணக்கில் கொன்றது.

இந்த நோய்க்கும் தடுப்பூசி உண்டு. ஒரு தடவை போட்டால் சுமார் 3 வருடம் தாங்கும். சந்தையில் வாங்கி வந்த ஆட்டை அன்றைக்கே பழைய மந்தையோடு விடாதீர்கள். 3 வாரம் தனியாகக் கட்டி, தனித் தண்ணீர், தனித் தீவனம் கொடுத்துப் பாருங்கள். இடம் இல்லை என்பார்கள். தெரியும். ஒரு ஆட்டுக்குத் தனி இடம் தேடுவது, பட்டி முழுவதும் படுத்துவிட்ட பிறகு செய்கிற செலவைவிடச் சுலபம்.

உண்ணியும் புதர்ப் பூச்சியும்

புதருக்குள் போய் வரும் நாயின் காது மடல், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால் விரலிடுக்கு ஆகிய இடங்களில் தினமும் தடவிப் பாருங்கள். நாய் உண்ணி எர்லிக்கியா, பபீசியா என்ற ரத்தக் காய்ச்சல்களைக் கொண்டுவரும். சாப்பிடாது, ஈறு வெளுத்துப்போகும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். உண்ணியைத் தோலை ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பெட்ரோல் தடவுவதும் நாயின் தோலைத்தான் வேகவைக்கும்.

நமக்குக் காய்ச்சல் தருவது இன்னொரு பூச்சி. எலிகள் திரியும் புதர்களில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஒட்டுண்ணிப் புழு கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது என்பதால் இடுப்பு, அக்குள் மாதிரி மறைவான இடத்தில் இருந்தால் நாம் கவனிக்கவே மாட்டோம். நாயிடமிருந்து இது தொற்றாது. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். மலை ஏறிவிட்டு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், 'புதருக்குள்ள போயிட்டு வந்தேன்' என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார் என்று இல்லை, கூட்டத்தில் விட்டுப்போகலாம்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. கோழிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடாதீர்கள். 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தன. பூனையும் அதே இனம்தானே. வேகவைத்துப் போடுங்கள். காகமோ மயிலோ கோழியோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல், நாயையும் பூனையையும் அந்தப் பக்கம் விடாமல், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். காட்டு விலங்கு செத்துக் கிடந்தாலோ அடிபட்டுக் கிடந்தாலோ வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். பாவம் என்று வீட்டுக்குத் தூக்கிவந்து வளர்ப்பது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டில் இருக்கும் பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான்.

இப்போதே மொபைலில் மூன்று எண்களைச் சேமியுங்கள். ஆடு, மாடு, நாய்க்கு 1962. கடிபட்டு என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் மருத்துவ ஆலோசனைக்கு 104. முகத்திலோ கழுத்திலோ பலத்த கடி என்றால் யோசிக்காமல் 108. நாயின் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து, அடுத்த ஊசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் அலாரம் அடிக்கிற மாதிரி காலண்டரில் போட்டுவிடுங்கள். அந்தப் போட்டோவை வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். உங்கள் நாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டால், மருத்துவர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.